ஜாகுவார்கள் எத்தனை: நாடுகளின் கணக்கும் காடுகளின் கணக்கும்

புலி, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை ஆகியவை அடங்கிய பாந்தெரா பேரினத்தில் இன்று அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஒரே விலங்கு ஜாகுவார். உடல் அளவில் புலிக்கும் சிங்கத்துக்கும் அடுத்த இடத்தில் உள்ள இவ்விலங்கு, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இந்தியக் காடுகளின் சிறுத்தையைப் போலவே தோன்றும் என்றாலும், அதன் தலை பெரியது, கால்கள் குட்டையானவை, தாடையோ ஆமை ஓட்டையும் கெய்மன் முதலையின் மண்டையோட்டையும் துளைக்கும் வலிமை உடையது. மேலும் அதன் தோலிலுள்ள ரோஜாப்பூ வடிவ வளையங்களுக்குள், சிறுத்தைக்கு இல்லாத கரும்புள்ளிகளும் இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலிருந்து அர்ஜென்டினா வரை ஒரு காலத்தில் தொடர்ந்து பரவியிருந்த அதன் வாழ்நிலத்தில் ஏறத்தாழப் பாதி இன்று பறிபோய்விட்டது. பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட பிரெஞ்சு கயானாவையும் சேர்த்து எண்ணினால் 18 நாடுகளில் ஜாகுவார் நிலையாக வாழ்கிறது. எல் சால்வடோரிலும் உருகுவேயிலும் அது அடியோடு அற்றுப்போய்விட்டது.

இந்த 18 நாடுகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணை இடும் பட்டியல்கள் செய்தித்தாள்களிலும் பொது நூல்களிலும் அடிக்கடி இடம்பெறுகின்றன. எந்த நாடு தன் காட்டை நன்றாகக் காக்கிறது, எது கைவிட்டது என்று ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்ல அப்பட்டியல்கள் வசதியானவைதாம். ஆனால் அந்த எண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன என்பதையும், ஜாகுவார் வாழும் நிலம் எவ்வாறு துண்டுபட்டுள்ளது என்பதையும் அறியாமல் அவற்றைப் படிப்பவர், அவை சொல்வதைவிட மறைப்பதே மிகுதி என்பதை உணரமாட்டார்.

முதலில் எண்ணும் முறையைப் பார்க்கலாம். தனித்து வாழ்ந்து, பெரும்பாலும் இரவில் நடமாடி, அடர்ந்த காட்டில் மறைந்திருக்கும் விலங்கை நேரில் கண்டு எண்ணுவது நடவாத காரியம். ஆகவே விலங்கு கடந்து செல்லும்போது அதன் உடல்வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தானே படம் எடுக்கும் தானியங்கிக் கேமராக்களைக் காட்டுப் பாதைகளின் ஓரங்களில் இரண்டிரண்டாக, எதிரெதிரே பொருத்துகின்றனர். ஒரே ஜாகுவாரின் இடப்பக்க வளையங்களும் வலப்பக்க வளையங்களும் வேறு வேறு என்பதால் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் படமெடுத்தால்தான் அடையாளம் ஐயமறத் துலங்கும். ஒரு விலங்கின் கோலம் மற்றொன்றுக்கு இராது. எனவே ஏற்கெனவே பதிவான விலங்கு எத்தனை முறை மீண்டும் பதிவாகிறது, புதிய விலங்கு எத்தனை முறை தோன்றுகிறது என்ற விகிதத்திலிருந்து, படத்தில் சிக்காத விலங்குகளையும் உள்ளடக்கிய மொத்தத்தைப் புள்ளியியல் வழியாக மதிப்பிடலாம். பிடிப்பு–மறுபிடிப்பு முறை எனப்படும் இதனைக் கேமராவோடு இணைத்துப் பெரும்பூனைகளுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் 1990-களில் புலிகளை ஆராய்ந்த உல்லாஸ் காரந்த். ஒரு தலைமுறைக் காலமாக ஜாகுவார் ஆய்வு சார்ந்து நிற்கும் முறை தென்னிந்தியப் புலிக்காட்டில் உருவானது என்பது பரவலாக அறியப்படாத செய்தி.

இந்த முறையின் இடர் எங்கே உள்ளது என்றால், எத்தனை விலங்குகள் என்ற விடையில் அன்று, அவை எவ்வளவு பரப்புக்கு உரியவை என்ற விடையில் உள்ளது. கேமராக்கள் நிறுத்தப்பட்ட வட்டத்துக்குள் பதிவான ஜாகுவார், தன் நாள்களில் பெரும்பகுதியை அந்த வட்டத்துக்கு வெளியே கழித்திருக்கலாம். அவ்வாறாயின் அதன் வெளிப்பரப்பையும் கணக்கில் சேர்த்தால்தான் அடர்த்தி, அதாவது 100 சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்ற எண், சரியாக வரும். பிரேசிலின் பான்டனல் சதுப்புநிலத்தில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. கேமராவில் பதிவான தொலைவுகளை மட்டும் கொண்டு கணக்கிட்டபோது 100 சதுர கிலோமீட்டருக்குப் பத்துக்கு மேல் என்று வந்த அடர்த்தி, அதே விலங்குகளின் கழுத்தில் செயற்கைக்கோள் வழி இடமறியும் பட்டையைப் பூட்டி உண்மையான நடமாட்டத்தை அளந்தபோது ஏழுக்கும் கீழே இறங்கியது. விலங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை; வகுக்கும் பரப்புதான் மாறியது. அதன் பின்னர் வந்த மறு ஆய்வுகள், சிறிய பரப்பில் நடத்தப்பட்ட பழைய கணக்கெடுப்புகள் பலவும் உண்மையைவிடக் கூடுதலான அடர்த்தியைத் தந்திருக்கின்றன என்று காட்டின. இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படும் உயர்ந்த எண்கள் சிலவற்றை ஐயத்தோடு அணுக வேண்டியதன் காரணம் இதுவே.

ஒரு விலங்கு உணவுக்கும் இணைக்கும் வழக்கமாகச் சுற்றிவரும் நிலத்தை அதன் உலவுபரப்பு என்பர். பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் பட்டை பூட்டப்பட்ட 44 ஜாகுவார்களின் தரவுகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில், இப்பரப்பு 9 சதுர கிலோமீட்டரிலிருந்து 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரை வேறுபட்டது. இரையும் நீரும் நிறைந்த இடத்தில் சிறு நிலமே போதுமானதாக இருக்க, துண்டாடப்பட்ட காட்டில் அதே விலங்கு மாவட்ட அளவிலான நிலத்தைச் சுற்றியாக வேண்டியுள்ளது. ஆகவே ஒரு நாட்டின் காட்டுப் பரப்பை ஒரே அடர்த்தியால் பெருக்கி நாட்டுக் கணக்கு என்று அறிவிப்பது எவ்வளவு பிழைபடக்கூடியது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

உலக அளவிலான மதிப்பீடுகளிலேயே இந்த இடர் வெளிப்படையாகத் தெரிகிறது. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு ஆய்வுகளுள் ஒன்று, முன்னர் நடந்த ஏறத்தாழ 80 ஆய்வுகளின் அடர்த்தி மதிப்புகளைத் திரட்டி, அவற்றின் மிகைப்பிழையைத் திருத்தி, தாவர வளம், நீர், மனித நெருக்கம் போன்றவற்றோடு பொருத்தி மாதிரி ஒன்றை உருவாக்கி, உலகில் 1,73,000 அளவில் ஜாகுவார்கள் இருக்கலாம் என்றது. அதிலும் 1,38,000 முதல் 2,08,000 வரை எந்த எண்ணும் இருக்க வாய்ப்புண்டு என்றே அது கூறியது. மற்றோர் ஆய்வு, பாதுகாப்பு நோக்கில் இன்னும் எச்சரிக்கையான கணக்கைப் பின்பற்றி, மொத்தம் 64,000 மட்டுமே என்றது. ஒரே ஆண்டில், ஒரே விலங்குக்கு, ஒன்றுக்கு ஏறத்தாழ மும்மடங்கு மற்றொன்று. இரண்டுமே திறமையான ஆய்வுகள். இரண்டில் எதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எனினும் இரண்டாம் ஆய்வின் சிறப்பு அதன் மொத்த எண்ணில் இல்லை. நாடுகளின் எல்லைக்கோடுகளை ஒதுக்கிவிட்டு, தமக்குள் இணைசேர்ந்து பெருகும் வாய்ப்புள்ள விலங்குகளின் தொகுதிகளை, அதாவது துணைத்தொகைகளை, அது தனித்தனியே பிரித்துக் காட்டியது. அவ்வாறு பிரித்தபோது 34 துணைத்தொகைகள் கிடைத்தன. அவற்றுள் அமேசான் ஒன்றே மொத்தத்தில் 89 விழுக்காட்டை, ஏறத்தாழ 57,000 விலங்குகளைக் கொண்டிருந்தது. எஞ்சிய 33 தொகைகளுக்கும் சேர்த்து மீந்தவை சுமார் 7,000. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலுக்கு வகுத்துள்ள அளவுகோல்களின்படி பார்த்தால், அந்த 33-உம் அருகிவரும் அல்லது மிக அருகிய நிலையில் உள்ளவை. இந்த ஒரு செய்தி, நாடுவாரிப் பட்டியல் முழுவதையும்விட மிகுதியாகப் பேசுகிறது.

இங்கே ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். மெக்சிகோவில் அதே 2018-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு அந்நாட்டில் மட்டும் 4,800 அளவில் ஜாகுவார்கள் உள்ளன என்றது. அதை ஏற்றால், அமேசானுக்கு வெளியே உள்ள 7,000-இல் மூன்றில் இரண்டு பங்கை மெக்சிகோவே எடுத்துக்கொள்ள, பான்டனல், சாக்கோ முட்காடு, மத்திய அமெரிக்கா, அட்லாண்டிக் காடு அனைத்துக்கும் மிஞ்சுவது சொற்பமாகிவிடுகிறது. இவ்விரு கணக்குகளும் ஒரே அட்டவணையில் அருகருகே உட்காரா. வெவ்வேறு முறையில் பெறப்பட்ட நாட்டு எண்களைக் கூட்டிக் கழிப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று கவனிப்பது நல்லது.

எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் பிரேசில் முதலிடத்தில் நிற்கிறது. உலகின் ஜாகுவார்களில் ஏறத்தாழப் பாதி அந்நாட்டில் உள்ளன. அமேசான் காட்டின் பெரும்பகுதி அதன் எல்லைக்குள் இருப்பதே இதற்கு முதன்மைக் காரணம் என்பதால், இதனை அரசின் சாதனையாகக் கொள்வதைவிட நிலவியலின் கொடையாகக் கொள்வதே பொருந்தும். ஏனெனில் அதே பிரேசில் அமேசானில் ஜாகுவார் வேட்டை ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. ஐரோப்பிய, வட அமெரிக்க ஆடை நாகரிகம் புள்ளித்தோலை விரும்பியதால், துறைமுகங்களிலும் கப்பல்களிலும் பதிவான சரக்குக் கணக்குகளைக் கொண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டபடி, 1904 முதல் 1969 வரையில் மேற்கு பிரேசில் அமேசானில் மட்டும் 1,80,000-க்கு மேற்பட்ட ஜாகுவார்கள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. 1967-இல் பிரேசில் வன விலங்கு வேட்டையைச் சட்டத்தால் தடுத்ததும், 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வன உயிர் வணிக ஒப்பந்தம் ஜாகுவாரைத் தன் முதல் இணைப்பில் சேர்த்து வணிகத்தைத் தடை செய்ததும் அந்தச் சந்தையை முறித்தன. அத்தனை இழப்புக்குப் பின்னும் அமேசான் தொகை தேறி எழுந்தது, வேட்டைக்காரர் செல்லாத உட்காடுகள் பரந்து கிடந்து, அங்கிருந்து இளம் விலங்குகள் வெளியே பரவ முடிந்ததால்தான். காடே இல்லாமல் போன இடங்களில் தடைச்சட்டத்தால் அத்தகைய பயன் விளையவில்லை.

அமேசானுக்குள்ளும் ஜாகுவாரின் வாழ்க்கை ஒரே வகையானதன்று. பிரேசிலின் அமசோனாஸ் மாநிலத்தில், இரண்டு பேராறுகள் கூடும் இடத்தை ஒட்டியுள்ள மாமிராவா காப்பகத்தில், ஆண்டுதோறும் மூன்று நான்கு மாதங்கள் காட்டின் தரை முழுவதும் பல மீட்டர் ஆழ நீருக்கு அடியில் மறைந்துவிடுகிறது. தரைவாழ் பாலூட்டிகள் அங்கே தங்க இயலாது. ஜாகுவாரோ வெளியேறாமல், மரக்கிளைகளிலேயே தங்கி, ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்கு நீந்திச் சென்று, தேவாங்கை ஒத்த மந்தநடையுடைய ஸ்லாத் விலங்குகளையும் கெய்மன்களையும் வேட்டையாடி, குட்டிகளையும் அங்கேயே வளர்க்கிறது. இத்தனை பெரிய உடலைக் கொண்ட பூனை மரத்திலேயே பருவம் முழுவதும் கழிப்பது வேறெங்கும் அறியப்படாத நடத்தை. நீரால் விளையும் உணவு பெருகியிருப்பதால் அங்கே அடர்த்தியும் மிகுதி.

பான்டனலிலும் இதே நீர்தான் கணக்கை மாற்றுகிறது. பிரேசில், பொலிவியா, பராகுவே ஆகிய மூன்று நாடுகளில் விரிந்த இந்தச் சதுப்புநிலத்தில், வடபகுதியிலுள்ள டாயமா சூழலியல் காப்பகத்தில் நடந்த ஆய்வு 100 சதுர கிலோமீட்டருக்கு 12-க்கும் மேற்பட்ட அடர்த்தியைக் கண்டறிந்தது. எச்சங்களைப் பகுத்தபோது, அங்குள்ள ஜாகுவார்களின் உணவில் மீனும் நீர்வாழ் ஊர்வனவும் பெரும்பங்கு வகித்தன. மாடும் மானும் ஏறத்தாழ இல்லை எனலாம். பெரும்பூனைகள் தம் எல்லைக்குள் மற்றொன்றை அண்டவிடாதவை என்ற பொதுக்கருத்துக்கு மாறாக, வயதுவந்த விலங்குகள் சேர்ந்து மீன் பிடிப்பதும், கூடித் திரிவதும், விளையாடுவதும் அங்கே கேமராவில் பதிவாயின. உணவு எல்லோருக்கும் போதுமான அளவு கிடைக்கும் இடத்தில் எல்லையைக் காத்துச் சண்டையிடுவதில் ஆதாயம் இல்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். உடல் அளவும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது: பான்டனலின் ஆண் ஜாகுவார் 100 கிலோகிராமைத் தாண்டுவது இயல்பாக இருக்க, மத்திய அமெரிக்கக் காட்டின் ஆண் அதில் பாதியை ஒட்டியே நிற்கும். முற்காலத்தில் இந்த வேறுபாட்டைக் கொண்டு பல கிளையினங்கள் வகுக்கப்பட்டன. மரபணு ஆய்வுகள் அப்பிரிவுகளுக்கு ஆதாரம் தராததால், இன்று ஜாகுவார் கிளையினங்கள் அற்ற ஒரே இனமாகவே கொள்ளப்படுகிறது.

பான்டனலின் பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணை நிலம். மாட்டை அடிக்கும் ஜாகுவாரைச் சுடுவது அங்கே நெடுங்கால வழக்கம். சட்டம் தடுத்தாலும் பண்ணைக்குள் நடப்பதை யார் காண்பது? இந்நிலையை ஓரளவு மாற்றியது படகுச் சுற்றுலா. குயாபா ஆற்றங்கரையில் போர்ட்டோ ஜோஃப்ரே என்னும் சிற்றூரைச் சுற்றி ஜாகுவாரைக் காண வரும் பயணிகளால் ஆண்டுக்குக் கிடைக்கும் வருவாய் சுமார் 68 லட்சம் டாலர் என்றும், அதே பகுதியில் ஜாகுவார் அடிக்கும் மாடுகளால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 1,20,000 டாலர் என்றும் 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. லாபம் விடுதி நடத்துபவருக்கும் நட்டம் மாடு வளர்ப்பவருக்கும் சேர்வதுதான் இதில் தீராத பிணக்கு. 2020-இல் பான்டனலில் பரவிய தீ அந்நிலத்தில் கால்பங்குக்கு மேற்பட்டதை எரித்தது. ஜாகுவார் சுற்றுலாவின் மையமான என்கோன்ட்ரோ தாஸ் அகுவாஸ் மாநிலப் பூங்காவில் பெரும்பகுதி கருகியது. உச்ச அடர்த்தி உள்ள இடம் என்பது பாதுகாப்பான இடம் என்று பொருள்படாது.

பிரேசிலின் மறுமுகம் அட்லாண்டிக் காடு. கடற்கரையோரமாகத் தொடங்கி பராகுவே, அர்ஜென்டினா வரை விரிந்திருந்த இந்தக் காட்டில், 2016-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஜாகுவார் தன் வாழ்நிலத்தில் 85 விழுக்காட்டை இழந்துவிட்டது. எஞ்சியவை 300-க்கும் குறைவு, அவையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற சிறு துண்டுகளில். தொடர்பு அறுந்த சிறு தொகையில் நெருங்கிய உறவுடையவை இணைசேர நேர்வதால் மரபணு வகைமை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வரும். இதன் தடயங்கள் அங்குள்ள விலங்குகளின் மரபணுவில் ஏற்கெனவே காணப்பட்டுள்ளன. உலகில் மிகுதியான ஜாகுவார்களைக் கொண்ட நாடும், ஜாகுவார் அழிவின் விளிம்பில் நிற்கும் காட்டைக் கொண்ட நாடும் ஒன்றே. பட்டியலில் பிரேசில் என்ற ஒற்றை வரி இவ்விரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடுகிறது.

அந்தக் காட்டில் நம்பிக்கை தரும் ஒரே பெரிய துண்டு, இக்வாசு அருவியின் இருபுறமும் பிரேசிலும் அர்ஜென்டினாவும் காத்துவரும் தேசியப் பூங்காக்களையும், அவற்றோடு தொடரும் அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணக் காடுகளையும் உள்ளடக்கியது. 2005-ஐ ஒட்டி அங்கே 40 அளவில் இருந்த ஜாகுவார்கள், இரு நாட்டினரும் ஒரே நேரத்தில், ஒரே முறையில் கேமரா வைத்து எண்ணத் தொடங்கிய பின், 2018-இல் நூறை ஒட்டிய எண்ணிக்கைக்கு உயர்ந்தன. ஆற்றின் இக்கரையில் பதிவான விலங்கே அக்கரையிலும் பதிவாகிறது என்பதால், இரு அரசுகளும் தனித்தனியே எண்ணியிருந்தால் ஒரே ஜாகுவார் இரு நாட்டுக் கணக்கிலும் ஏறியிருக்கும்.

எல்லையின் இருபுறமும் நேரெதிரான நிலைமை நிலவும் இடம் கிரான் சாக்கோ என்னும் வறண்ட முட்காடு. பொலிவியாவில், இசோசோ பகுதியின் குவாரனி மக்களுடைய முயற்சியால் உருவான 34,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கா-இயா தேசியப் பூங்காவில் கேமரா கொண்டு ஆராய்ந்தவர்கள், அந்த ஒரு பூங்காவில் மட்டும் ஆயிரம் ஜாகுவார்கள் இருக்கக்கூடும் என்று 2004-இல் எழுதினர். கட்டுரையின் தலைப்பிலேயே வினாக்குறி ஒன்றை இட்டுத் தம் எச்சரிக்கையையும் காட்டினர். தெற்கே, அதே சாக்கோவின் அர்ஜென்டினப் பகுதியில் பத்தாண்டுகள் கழித்து வெளியான கேமரா ஆய்வில் ஒரு ஜாகுவார்கூடப் பதிவாகவில்லை. மண்ணும் மழையும் மரங்களும் பெருமளவு ஒத்திருக்க, சோயாவுக்கும் மாட்டுக்கும் காட்டைத் திருத்திய வேகமும், பண்ணையாட்களின் துப்பாக்கியுமே வேறுபாட்டை உண்டாக்கின. பொலிவியாவும் கவலையற்றிருக்கவில்லை: 2014 முதல் அந்நாட்டு அஞ்சலகங்களில் சீனாவுக்கு அனுப்பப்பட்ட ஜாகுவார் கோரைப்பற்கள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. தோல் வணிகம் ஒடுங்கிய இடத்தில் பல் வணிகம் தலைதூக்கியிருக்கிறது.

அர்ஜென்டினாவில் நாடு முழுவதும் இருநூறு முதல் இருநூற்றைம்பது வரையிலான ஜாகுவார்களே உள்ளன என்று மதிப்பிடப்படுகிறது. 2001-இல் அது தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கையில் மிகக் கீழே உள்ள இந்நாடுதான் உலகில் முதன்முறையாக, ஜாகுவார் முற்றிலும் அற்றுப்போன நிலத்தில் அதனை மீண்டும் குடியேற்றும் பணியைத் தொடங்கியது என்பது கவனத்துக்குரியது. கொரியென்டெஸ் மாகாணத்தின் இபெரா சதுப்புநிலத்தில் ஏறத்தாழ 70 ஆண்டுகளாக ஜாகுவார் இல்லாமல் இருந்தது. ரீவைல்டிங் அர்ஜென்டினா அமைப்பு அங்குள்ள சான் அலோன்சோ தீவில் பெரிய வேலியடைப்புகளை அமைத்து, விலங்குகள் மனிதரைக் காணாமலேயே உயிருள்ள இரையை வேட்டையாடிப் பழகும்படி செய்தது. பிரேசிலில் அநாதைக் குட்டியாக மீட்கப்பட்ட மரியுவா என்னும் பெண் ஜாகுவாரும் அதன் இரு குட்டிகளும் 2021 ஜனவரியில் திறந்துவிடப்பட்டன. அதைத் தொடர்ந்து மேலும் பல விடுவிக்கப்பட்டு, அவை காட்டிலேயே குட்டி ஈன்றுள்ளன. சாக்கோவில் இதே அமைப்பு வேறொரு வழியைக் கையாண்டது: 2019-இல் கால்தடத்தால் இருப்பு அறியப்பட்ட கரம்தா என்னும் காட்டு ஆணை, வேலியடைப்பில் வளர்ந்த பெண்ணோடு சேர்த்து, அந்த இணையின் குட்டிகளைக் காட்டுக்குரியவையாக வளர்த்தது. தாய்க்காடு அருகில் இல்லாத இடத்தில் இத்தகைய முயற்சி மட்டுமே வழி. அதற்கான செலவோ, இருக்கும் விலங்கைக் காப்பாற்றும் செலவைவிடப் பன்மடங்கு.

வடக்கே, மெக்சிகோவின் கணக்கு நாடுவாரி எண்களுள் நம்பத்தக்கவற்றில் ஒன்று, ஏனெனில் அங்கே ஹெரார்டோ செபாயோஸ் தலைமையிலான குழுவினர் 2010, 2018, 2024 என மூன்று முறை நாடு தழுவிக் கேமரா வைத்து எண்ணியிருக்கின்றனர். சுமார் 4,100 என்று தொடங்கிய எண்ணிக்கை 4,800 ஆகி, பின் 5,326-ஐ எட்டியது. இவற்றுள் 1,699 யுகடான் தீபகற்பத்தில் வாழ்பவை. பெலிஸ், குவாத்தமாலா நாடுகளின் காடுகளோடு தொடரும் இந்த மாயா காட்டுத்தொகுதி, அமேசானுக்கு வடக்கே உள்ள மிகப் பெரிய ஜாகுவார் நிலம். அந்தத் தீபகற்பத்தைச் சுற்றி 2023 இறுதியில் ஓடத் தொடங்கிய மாயா ரயில் காட்டின் தொடர்ச்சியை எவ்வளவு அறுக்கும் என்பது அடுத்த கணக்கெடுப்பில் தெரியவரும்.

சிறிய நாடான பெலிஸ் ஜாகுவார் பாதுகாப்பின் வரலாற்றில் தன் பரப்புக்கு மிஞ்சிய இடத்தைப் பெற்றுள்ளது. 1980-களின் தொடக்கத்தில் ஆலன் ரபினோவிட்ஸ் அங்கே நடத்திய ஆய்வின் விளைவாக, காக்ஸ்கோம்ப் ஆற்றுப்படுகை 1984-இல் வேட்டையற்ற காடாகவும், 1986-இல் அதன் ஒரு பகுதி உலகின் முதல் ஜாகுவார் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 1990-இல் அது 400 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்தது. காரந்தின் கேமரா முறையை ஜாகுவாருக்கு முதலில் கையாண்ட ஆய்வுகளுள் ஒன்றும் அங்கே நடந்ததே. பின்னர் ரபினோவிட்ஸும் அவரைச் சார்ந்தோரும், காப்பகங்களைத் தனித்தனித் தீவுகளாகக் காப்பதில் பயனில்லை என்று வாதிட்டு, 90 முக்கிய வாழிடங்களை இணைக்கக்கூடிய 182 வழித்தடங்களை வரைபடத்தில் குறித்தனர். வழித்தடம் என்பது ஜாகுவார் குடியிருக்கும் காடன்று; தாயைப் பிரிந்த இளம் ஆண் ஓரிரு இரவுகளில் பதுங்கிக் கடக்கக்கூடிய கரும்புத் தோட்டமோ எண்ணெய்ப்பனைத் தோப்போ மேய்ச்சல் நிலமோ அப்பணிக்குப் போதும், அங்கே அது சுடப்படாதவரை. பெலிஸில் 7 அல்லது 8 என்றெல்லாம் முதலில் வெளிவந்த அடர்த்திகள் பின்வந்த முறைகளில் குறைந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மத்திய அமெரிக்காவின் மற்ற நாடுகளைப் பற்றி விரித்துரைக்க அதிகம் இல்லை. ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டாரிகா, பனாமா ஆகியவற்றில் கரீபியன் பக்கத்துக் காடுகளிலேயே ஜாகுவார்கள் மிகுதியாக எஞ்சியுள்ளன. கோஸ்டாரிகாவின் டோர்டுகேரோ கடற்கரையில் முட்டையிட வரும் கடலாமைகளை அவை வேட்டையாடுவது புகழ்பெற்ற காட்சி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலைமை தனித்தன்மை வாய்ந்தது. அங்கே கடைசியாக உறுதிசெய்யப்பட்ட பெண் ஜாகுவார் 1963-இல் அரிசோனாவில் சுட்டுக் கொல்லப்பட்டது. அதன்பின் அங்கே காணப்பட்டவை அனைத்தும் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலிருந்து எல்லை தாண்டி வந்த தனி ஆண்களே. 2011 முதல் 2015 வரை டூசான் நகரின் அருகிலுள்ள மலைத்தொடரில் படமெடுக்கப்பட்ட எல் ஹெஃபே என்னும் ஆண், பல ஆண்டுகள் காணாமல் போய், 2021-இல் சொனோராவில் மீண்டும் கேமராவில் பதிவானது. தோலின் கோலத்தால் அதே விலங்கு என்பது உறுதியாயிற்று. இளம் ஆண்கள் புதுநிலம் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும்; பெண்களோ பிறந்த இடத்தை அடுத்தே குடியமரும். ஆகவே ஆண்கள் வந்து போவதைக் கொண்டு ஒரு நாட்டில் ஜாகுவார் தொகை உண்டு என்று சொல்ல முடியாது. எல்லையில் எழுப்பப்பட்டுவரும் உயர்ந்த இரும்பு மதில், பெண்கள் என்றேனும் வடக்கே பரவக்கூடும் என்ற வாய்ப்பையும் சுருக்குகிறது.

விலங்கு எல்லை கடப்பது என்ற இந்த உண்மை பன்னாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது குஜராத்தின் காந்திநகரில். 2020 பிப்ரவரியில் அங்கே கூடிய இடம்பெயரும் வன உயிரினங்களுக்கான ஒப்பந்த மாநாட்டில், ஜாகுவார் அவ்வொப்பந்தத்தின் இரு இணைப்புகளிலும் சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டின் ஜாகுவாரை அடுத்த நாடும் சேர்ந்தே காக்க வேண்டும் என்ற கடமை அதனால் உறுப்பு நாடுகளுக்கு உண்டாயிற்று.

பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல், 2017-இல் வெளிவந்த மதிப்பீட்டில், ஜாகுவாரை அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்றே வகைப்படுத்தியுள்ளது. அமேசானை நிறைத்திருக்கும் பெரும் தொகை உள்ளவரை, உலக அளவிலான அளவுகோல் வேறு விடை தர இயலாது. அமேசானுக்கு வெளியே வாழும் ஜாகுவாருக்கு அந்த வகைப்பாடு பொருந்துவதில்லை. அதன் நிலையை அறிய விரும்புவோர் அந்தந்த நாட்டின் அருகிய உயிரினப் பட்டியல்களையே பார்க்க வேண்டும்: பிரேசில் அதனை அழிவுக்கு உள்ளாகக்கூடியது என்றும், மெக்சிகோ அற்றுப்போகும் ஆபத்தில் உள்ளது என்றும், அர்ஜென்டினா மிக அருகியது என்றும் குறித்துள்ளன.